பதினேழு பட்டைப் போர்வை

சித்தப்பா உசிலம்பட்டி பஸ்ஸில் வந்து இறங்கி, மஞ்சப்பையிலிருந்து தன்னுடைய பழைய வேட்டிகள் நான்கை எடுத்து அம்மா கையில் கொடுத்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கோபத்தோடு வந்தது. வேட்டிகள் எதற்கு என்று கேட்டேன். சித்திக்குப் பாப்பா பிறந்ததும் சுற்றுவதற்கு என்றாள் அம்மா, ஒரு வேட்டியின் ஓரத்தைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துக்கொண்டே. எவ்வளவு பழசோ அவ்வளவு நல்லதாம். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருக்குமாம். எனக்கு அதெல்லாம் மண்டையில் ஏறவில்லை. ஏழு வருஷமாகக் கோயில் கோயிலாக வேண்டி வரவழைக்கிற ஒரு பிள்ளையை, சித்தப்பா தோட்டத்தில் மடித்துக் கட்டிக்கொண்டு நின்ற வேட்டியிலா சுற்றுவார்கள்? இவர்களை நம்பினால் ஆகாது, நாமே ஒரு போர்வை பின்னிவிட வேண்டியதுதான் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்ய எனக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் எப்போதும் ஆனதில்லை.

அப்போது ஆறாம் வகுப்பு முழுப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். செல்லூரில், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய ஒரு சந்தில் எங்கள் வீடு. சந்தின் கடைசியில் அப்பா வேலை பார்த்த விசைத்தறிக் கூடம். சித்தி அம்மாவுக்கு ஒரே தங்கை, உசிலம்பட்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். நாலாம் மாதத்தில் ஏதோ சிக்கலாகி, படுத்தே இருக்கணும், அடிக்கடி வந்து காட்டணும் என்று மதுரை டாக்டரம்மா சொல்லிவிட்டதால், எங்கள் வீட்டு முன்னறைக் கட்டில் சித்தியுடையது என்றாயிற்று. கட்டிலின் கால்மாட்டில் டிவி. பழைய பெட்டி டிவி, பின்பக்கம் முதுகு பிதுங்கி நிற்கும். அதை இப்போதே சொல்லிவைக்கிறேன். அதற்கு இந்தக் கதையில் வேலை இருக்கிறது.

பின்னல் எனக்குப் பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர் உபயம். குரோஷா ஊசியில் சங்கிலி போடுவது, சங்கிலி மேல் ஏறிக் கண்ணி போடுவது, இவ்வளவுதான் சொல்லித் தந்திருந்தார். தம்ளர் வைக்கிற வட்டம் ஒன்று பின்னியிருந்தேன். அது தட்டையாகப் படியாமல் தொப்பி மாதிரி குவிந்துவிட்டது. அதனாலெல்லாம் என் தன்னம்பிக்கை குறைந்துவிடவில்லை. விளக்குத்தூண் பக்கம் வாங்கிய ஒரே ஒரு ஊசி கைவசம் இருந்தது. நூல்தான் பாக்கி. கம்பளி நூல் வாங்கித் தா என்று கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள். மதுரை வெயிலுக்குக் கம்பளியா என்று சிரிப்பார்கள். ஆகவே அப்பாவின் தறிக் கூடத்துக்குப் போனேன். தறியில் இங்குமங்கும் பாய்கிற நாடாக் கட்டைக்குள் வைக்கிற, நூல் சுற்றிய தார்க்குச்சியில் கடைசியாக நாலைந்து முழம் நூல் மிஞ்சும். அதைக் கழிவு என்று ஒரு டின்னில் போட்டுவைப்பார்கள். துண்டுக்கும் லுங்கிக்கும் ஓட்டிய பருத்தி நூல். அரக்கு, மாம்பழ மஞ்சள், பச்சை, நீலம். ஒரே நிறத்தில் ஒரு போர்வைக்கு ஆகிற அளவு எதுவுமே இல்லை. அதனால்தான் பட்டை பட்டையாக. பிற்பாடு பார்த்தவர்களெல்லாம் என்ன அழகான யோசனை என்றார்கள். நான் மறுக்கவில்லை.

மெல்லிய நூல் என்பதால் ஆறு இழை சேர்த்து முறுக்கி உருண்டையாகச் சுற்றினேன். பரீட்சை முடிந்த அன்றே ஆரம்பித்து, நாலு நாளில் அரக்கும் மஞ்சளுமாக ஒரு சாண் பின்னிவிட்டேன். பிறகுதான் கவனித்தேன். அடியில் அகலமாகத் தொடங்கிய போர்வை மேலே போகப்போகக் குறுகி ஒரு முக்கோணமாக நின்றது. சித்தி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி அதை வாங்கிப் பார்த்தாள். விரித்தாள், திருப்பினாள்.

"ஏ ஆத்தா, இது பிள்ளைக்குப் போர்வையா, கோவணமா?"

சிரிக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லவில்லை. ஆனாலும் சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பயந்து பயந்து சிரித்தாள். எனக்கு அழுகை முட்டியது. அந்தச் சமயம் பார்த்து அடுப்படியிலிருந்து அம்மா வந்துவிட்டாள். என்னடி அது என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி முந்திக்கொண்டாள்.

"டிவிக்குக் கவரு போடுறாளாம்க்கா."

அம்மா டிவியைப் பார்த்தாள். முக்கோணத்தைப் பார்த்தாள். பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்தாள், கொஞ்சம் கூடுதல் நேரம். கண்ணாடியை மறைக்காமல் போடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் டிவி கவர்.

வரிசை திரும்பும்போது ஒரு கண்ணி கூடுதலாகப் போட்டு ஏற வேண்டும் என்பதை நான் மறந்ததுதான் தப்பு. மொத்தத்தையும் பிரித்தேன். இந்த முறை கணக்கு நோட்டிலிருந்து ஒரு கட்டத்தாளைக் கிழித்துத் திட்டம் போட்டேன். வரிசைக்கு எண்பத்து நாலு கண்ணி. நாலு வரிசை ஒரு பட்டை. அரக்கு, மஞ்சள், பச்சை, நீலம், மறுபடி அரக்கு என்று இருபது பட்டை. சித்தி அந்தத் தாளைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். இரண்டாம் நாள், தனக்கும் சொல்லித்தரச் சொன்னாள். படுத்துக்கொண்டே எம்புட்டு நேரந்தான் ஃபேனையே பாக்குறது என்றாள். நான் டீச்சரானேன். பிரம்பு ஒன்றுதான் இல்லை. என் கண்ணிகள் இறுக்கமாக விழும், அவசரக்காரியின் கை. சித்தி போட்டால் தளர்வாக, விரல் நுழைகிற மாதிரி விழும். ஊசி ஒன்றுதான் என்பதால் முறை வைத்துக்கொண்டோம். காலையில் நான், மத்தியானம் சித்தி. இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எந்த வரிசை யாருடையது என்று சொல்லிவிடுவேன். அப்பாவும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் டின்னில் அரக்கோடு அரக்கும் பச்சையோடு பச்சையும் தனித்தனிக் கட்டாக இருக்க ஆரம்பித்தது.

அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று எங்கள் சந்தில் பூனைகூட இருக்காது. வருஷா வருஷம் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்புகிற நான், அந்த வருஷம் வயிற்று வலி என்றேன். அம்மா நம்பவில்லை. இருந்தாலும் சித்திக்குத் துணை என்று விட்டுவிட்டுப் போனார்கள். மதுரை மொத்தமும் ஆற்றுக்குள் நிற்க, நாங்கள் இரண்டு பேரும் முன்னறையில் போர்வையை முழுசாக விரித்துப் போட்டுக்கொண்டு பகிரங்கமாகப் பின்னினோம். ஆற்றங்கரையிலிருந்து மைக் சத்தம் வந்துகொண்டே இருந்தது. காணாமல்போன பிள்ளைகளை அறிவித்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் சட்டை போட்ட பையன், மூன்று வயது, பெயர் சொல்லத் தெரியவில்லை, பெற்றோர் உடனே வரவும். ஒவ்வொரு அறிவிப்புக்கும் சித்தியின் கை நின்றுவிடும். ஊசியில் கண்ணி தொங்க, ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு இருப்பாள். பையன் ஒப்படைக்கப்பட்டான் என்று வந்தபிறகுதான் கை மறுபடி ஓடும். இப்படியே போனால் இன்றைக்கு ஒரு பட்டைகூட ஆகாது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குத்தான் சித்தி சொன்னாள், இதைப் பாப்பாவுக்கு என்று யாரிடமும் சொல்லிவிடக் கூடாது என்று.

"பிள்ளை வாரதுக்கு முன்னாடி அதுக்குன்னு புதுசா எதையும் எடுத்து வைக்கக் கூடாதுடி. பழசுன்னாப் பரவாயில்ல."

"அப்ப இது?"

"இது டிவி கவருல்ல?" என்றவள், போர்வையின் ஓரத்தை நீவிவிட்டாள். "முடியாத வரைக்கும் இது வெறும் நூலுதான். முடிச்சாத்தான் போர்வை."

பெரியவர்கள் சட்டம் போட்டுவிட்டு அவர்களே அதில் பொத்தலும் போடுவது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இதற்கு முன் இரண்டு தடவை தங்காமல் போனதையும், முதல் தடவை சித்தி ஆசைப்பட்டு ஒரு குட்டித் தொப்பி வாங்கி வைத்திருந்ததையும் அம்மா எனக்குச் சொன்னது பல வருஷம் கழித்துத்தான்.

ஆனி மாதம் வந்தது. பள்ளிக்கூடம் திறந்து ஏழாம் வகுப்புக்குப் போய்விட்டேன். பதினாலு பட்டை முடிந்திருந்தது. சித்தியின் வயிறு நன்றாகத் தெரிந்தது. தறி ஓடினால் உள்ளே உதைக்கிறது, கரண்டு போய்த் தறி நின்றால் அதுவும் நின்றுவிடுகிறது என்று என் கையை எடுத்து வைத்துக் காட்டுவாள். ஏழாம் மாதத்து வளைகாப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு எல்லோர் முன்னாலும் போர்வையை உதறி விரித்துக் காட்டுவது என்பது என் ரகசியத் திட்டம். சித்தி சொன்ன சட்டம் ஞாபகம் இருந்தது. ஆனால் விரிக்கிறபோது எல்லோரும் வாயைப் பிளப்பார்களே, அதற்கு முன்னால் சட்டமாவது ஒன்றாவது.

இந்த நேரத்தில்தான் போர்வை குட்டையாக ஆரம்பித்தது. பள்ளிக்கூடம் போகும்போது பதினாலு பட்டை, திரும்பி வந்தால் பதிமூன்று. முதலில் என் கணக்கைச் சந்தேகப்பட்டேன். மறுநாள் பதினைந்தாக்கி விட்டுப் போனேன், சாயங்காலம் பதினாலு. நூல் உருண்டையை எடுத்துப் பார்த்தேன். மேல்சுற்று நூல் சுருட்டை முடி மாதிரி நெளிந்து கிடந்தது. ஒருதரம் பின்னிப் பிரித்த நூல்தான் அப்படி நெளியும்.

"நீ பிரிக்கிறியா சித்தி?"

"கண்ணி தப்பிருச்சு ஆத்தா, அதான்."

எண்ணினேன். எண்பத்து நாலு. எங்கேயும் தப்பவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவசரப்படாதே, மெல்லப் போடலாம், இம்புட்டு வேகம் எதுக்கு என்றெல்லாம் சித்தி சமாதானம் சொன்னாள். இவளுக்கு என் மேல் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து போர்வையைப் புத்தகப் பைக்குள் திணித்துப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோனேன். சாப்பாட்டு மணிக்கு இரண்டு வாய் அள்ளிப் போட்டுவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து பின்னினேன். தோழிகள் என்னவென்று கேட்டால் டிவி கவர். சித்தி சாயங்காலம் நான் வந்ததும் எத்தனை பட்டை என்று கேட்பாள். சொன்னால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். பதினாறு முடிந்தது.

வளைகாப்புக்கு மூன்று நாள் இருக்கும்போது, பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீடு பூட்டிக் கிடந்தது. எதிர்வீட்டு அக்கா என்னைக் கூப்பிட்டு, எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காக, இங்கன உக்காரு, காப்பி தாரேன் என்றார். எனக்கு ஒரே குதூகலம். பாப்பா முந்திக்கொண்டுவிட்டது. இன்னும் மூன்றரைப் பட்டை பாக்கி இருக்கும்போதே வந்துவிட்டதே என்று பதறிப்போய், அக்கா வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து பின்ன ஆரம்பித்தேன். என் வாழ்க்கையில் அத்தனை வேகமாக நான் எதையும் செய்ததில்லை. பதினேழாவது பட்டை, அரக்கு, முடிந்தது. அடுத்து மஞ்சள். மஞ்சள் உருண்டையோ பூட்டிய வீட்டுக்குள் இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கட்டிலின் மேல், சித்தியின் தலையணைக்குப் பக்கத்தில் தெரிகிறது. விளக்குமாற்றுக் குச்சி, குடைக் கம்பி, எதைவிட்டு இழுத்தாலும் எட்டவில்லை.

குடைக் கம்பியோடு நின்றபோதுதான் அம்மாவும் அப்பாவும் சந்துக்குள் வந்தார்கள். சித்தி வரவில்லை. பாப்பாவா தம்பியா என்று ஓடிப்போய்க் கேட்டேன். அப்பா என் தலையில் கையை வைத்துவிட்டுத் தறிக் கூடத்துப் பக்கம் நடந்துவிட்டார்.

"பாப்பா இல்லடி," என்றாள் அம்மா. "இனிமே அது வராது."

எனக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. தெரிந்த ஒன்றைக் கேட்டேன்.

"அப்ப டிவி கவரு?"

இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. ஒரு அறை விழும் என்றுதான் பார்த்தேன். அம்மா பூட்டைத் திறந்தாள், என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள், கட்டிலில் கிடந்த மஞ்சள் உருண்டையை எடுத்து மாடத்தில் வைத்தாள். அவ்வளவுதான்.

சித்தி திரும்பி வந்து நாலு நாள் இருந்தாள். அப்புறம் சித்தப்பா கூட்டிப்போக வந்தார். எப்போதும் அப்பாவிடம் "என்னண்ணே, தறி ஓடுதா" என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டே நுழைகிறவர், அன்று செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் கழற்றினார். கிளம்புகிற நேரத்தில் சித்தி என்னிடம் அந்த டிவி கவரை எடுத்துவரச் சொன்னாள். கொண்டுவந்தேன். கடைசிக் கண்ணி இன்னும் ஊசியிலேயே இருந்தது. சித்தி ஊசியை மெல்ல உருவி என் கையில் கொடுத்தாள். உருவியதும் அந்தக் கண்ணி வாயைத் திறந்துகொண்டு நின்றது. லேசாக இழுத்தால் போதும், பதினேழு பட்டையும் சரசரவென்று அவிழ்ந்துவிடும். சித்தி தாலிச் சங்கிலியில் கோத்திருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றி, அந்தக் கண்ணிக்குள் விட்டு மாட்டினாள்.

"இதை நான் எடுத்துட்டுப் போறேன்க்கா. எங்க டிவிக்குச் சரியா இருக்கும்."

"எடுத்துட்டுப் போ," என்றாள் அம்மா. "எங்க டிவி பெருசு. இது பத்தாது."

இரண்டு டிவியும் ஒரே அளவு. எனக்கே தெரியும். சித்தப்பா போர்வையை நாலாக மடித்து அதே மஞ்சப்பையில் வைத்தார். வேட்டிகளை அம்மா கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. நான் ஓவென்று அழுதேன். சின்னப் பிள்ளை, பாவம், பாப்பா பாப்பா என்று எவ்வளவு ஆசையாக இருந்தது என்று எல்லோரும் என்னைத் தேற்றினார்கள். சித்தியும் என்னை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதாள். நான் அழுதது பாப்பாவுக்கு இல்லை. இன்னும் மூன்று பட்டைதான். இந்நேரம் முடித்திருப்பேனே என்றுதான் அழுதேன்.

அதற்குப் பிறகு லீவுக்கு உசிலம்பட்டி போகும்போதெல்லாம் அது சித்தி வீட்டு டிவியின் முதுகில் கிடக்கும். டிவி தட்டையாகிச் சுவரில் ஏறியதும் போர்வை ஃபிரிட்ஜின் தலைக்கு மாறியது. பதிமூன்று வயதில் கேட்டேன், முடித்துத் தரட்டுமா என்று. இருக்கட்டும்டி என்றாள். பதினாறில், இந்தப் பின்னலில் பைத்தியமாகி, ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் பை, பொம்மை, சாவிக்கொத்து என்று தோழிகளுக்கெல்லாம் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு மணி நேர வேலைதான் சித்தி என்று ஊசியோடு போய் நின்றேன். "இப்ப என்ன அவசரம்," என்றாள். அரைகுறையாக ஒரு பொருள் கண்ணெதிரே கிடப்பதை எப்படித்தான் சகித்துக்கொள்கிறாளோ என்று எனக்கு எரிச்சலாக வரும். சித்தி கொஞ்சம் சோம்பேறி என்றுகூட ஒருமுறை அம்மாவிடம் சொன்னேன்.

போன பொங்கலுக்குப் போயிருந்தேன். எனக்கு இப்போது இருபத்தொன்று. ஃபிரிட்ஜிலிருந்து தண்ணீர் எடுக்கும்போது போர்வையின் ஓரம் கையில் பட்டது. சித்தியின் தளர்ந்த வரிசைகள், என் இறுக்கமான வரிசைகள், கடைசியில் அந்த ஊக்கு. வெள்ளி மாதிரி பளபளத்தது. பத்து வருஷம். ஃபிரிட்ஜின் மேல், ஈரக்கை பட்டுப் பட்டு, ஒரு ஊக்கு இத்தனை நாளில் துருவேறிக் கருத்துப்போயிருக்க வேண்டும். நூலில் துருக்கறை ஒன்றுகூட இல்லை. துருப்பிடிக்கும் முன்னால் யாரோ அதை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கண்ணி நழுவாமல், ஒரு ஊக்கை எடுக்கும் முன்பே இன்னொன்றை மாட்டி, வருஷா வருஷம். நான் தண்ணீர் பாட்டிலோடு அங்கேயே நின்றேன். சித்தி கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

போன வாரம் சித்தியே ஃபோன் பண்ணினாள். காலேஜ், சாப்பாடு, அம்மாவின் முட்டி வலி என்று சுற்றிச் சுற்றி வந்தாள். பிள்ளை தத்தெடுக்க எழுதிக் கொடுத்து மூன்று வருஷமாகிவிட்டது, இப்போதுதான் வரிசை கிட்டத்தில் வந்திருக்கிறதாம், எப்போது கூப்பிடுவார்களோ தெரியாது, யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். ஃபோனை வைக்கப்போகிற மாதிரி இருந்தவள், ஏதோ ஞாபகம் வந்ததுபோலக் கேட்டாள்.

"ஏன்டி, அந்த டிவி கவருல அடுத்து என்ன கலரு வரணும்?"

"மஞ்சள் சித்தி. மாம்பழ மஞ்சள்."

"அது இப்பக் கிடைக்குதா?"

நேற்று சாயங்காலம் தறிக் கூடத்துக்குப் போனேன். அப்பா டின்னைக் காட்டினார். அந்த மஞ்சள் அப்படியே அமையவில்லை, ஒரு சொட்டு வெளுப்பு. ஆறு இழைக்குப் பதில் ஏழு இழை முறுக்கிப் பார்த்தேன், கிட்டத்தட்ட வந்துவிட்டது. பழைய ஊசி என்னிடமேதான் இருக்கிறது. வருகிற ஞாயிறு முதல் பஸ்ஸில் உசிலம்பட்டி போகிறேன். மஞ்சள், பச்சை, நீலம். மூன்று பட்டைக்குப் பன்னிரண்டு வரிசை. நான் நினைத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம்.

பதினொன்று போட்டு நிறுத்தலாம் என்றிருக்கிறேன். பையில் ஊசிக்குப் பக்கத்தில் ஒரு புது ஊக்கும் எடுத்து வைத்தாயிற்று.